மண்டூர்ச் சுவிச்சும் என் முழங்காலும்

இந்த வயதில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு கதிரை. மந்திரிக் கதிரை இல்லை. கீழே சில்லு, முதுகுக்கு மெத்தை, பக்கத்தில் ஒரு மின்விசிறி. களுவாஞ்சிக்குடியில் என் அக்காவின் மகன் ஜொய்சன் நடத்துகிற இன்ரநெற் கந்தோரில் அப்படி ஒன்று இருந்தது. அதில் குந்தியிருந்து தட்டச்சுப் பலகையைத் தட்டிச் சம்பளம் வாங்குகிற யோகம் எனக்கும் வரவேண்டும் என்று மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினவன் நான். வேறு ஆட்கள் பிள்ளை வரத்துக்குக் கொளுத்துவார்கள்.

காரணம் என் வலது முழங்கால். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு என் சீவியமே ஏற்றமும் இறக்கமும்தான். முதலில் பெரியகல்லாற்றில் தென்னை ஏறித் தேங்காய் பறித்தேன். மறுகா ஊருக்குத் தொலைக்காட்சி வந்தது, கூரைகளில் ஏறி அன்ரெனா திருப்பினேன். மேலே நின்று “இப்ப தெரியுதா?” என்று நான் கத்த, கீழே முழுக் குடும்பமும் “இல்ல, இல்ல, இன்னும் கிறுக்குங்க, திருப்புங்க” என்று கத்தும். சுனாமிக்குப் பிறகு நிறுவனங்கள் வந்து இரும்பு டவர்கள் நட்டன. அவற்றிலும் ஏறினேன். கடைசியில் ஜொய்சன் கேபிள் இழுக்கத் தொடங்க, அவனுடைய மின்கம்பங்களிலும் நான்தான். ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பரலோகத்துக்குப் பாதி வழியாவது வந்திருக்கும். பலன், படி இறங்கும்போது முழங்காலுக்குள் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

ஜொய்சன் நல்ல பிள்ளை. என் கால் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னான்.

“மாமா, சுவிச் வேலையப் பழகுங்க. ஒரு வேலைய முழுசா நீங்களே செய்து முடிச்சா, கதிரை உங்களுக்கு. ஏலாதெண்டா கொழும்பில இருந்து ஒரு இஞ்சினியரை எடுப்பன். நீங்க மறுபடியும் கரண்ட் போஸ்ட்டில ஏறத்தான்.”

“இந்தக் காலோடயா?”

“அதுக்குத்தான் பழகச் சொல்றன்.”

சுவிச் என்றால் மின்குமிழ் போடுகிற சுவிச் இல்லை. வயர் செருகுகிற வாய்கள் வரிசையாக இருக்கிற இரும்புப் பெட்டி. ஒரு வாயால் வருவதை எந்த வாயால் வெளியே விடுவது என்று அது தீர்மானிக்கும். அதற்கு ஆங்கிலத்தில் கட்டளை எழுதவேண்டும். எனக்கு ஆங்கிலம் பஸ் பலகை வாசிக்கிற அளவு. ஆனால் கட்டளைகளில் திரும்பத் திரும்ப வருவது கொஞ்சச் சொற்கள்தான். செபமாலை சொல்கிற மாதிரி அவற்றைப் பாடமாக்கினேன். வீட்டில் சாப்பிடும்போதும் வாய் அசையும். “இஞ்ச பாருங்க, கறிக்கு உப்புக் காணாட்டி வாய விட்டுச் சொல்லுங்க, முணுமுணுக்காம” என்றாள் மனைவி பீற்றிஸ்.

பிறகு அந்த வேலை வந்தது. களுவாஞ்சிக்குடியில் ஒரு தனியார் மருத்துவ நிலையம் இருக்கிறது. அவர்கள் வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூரில், ஒரு கிளை தொடங்கினார்கள். அந்த ஊர்க் கோயில் திருவிழாவுக்குச் சனம் வருகிற நேரம் பார்த்துத் திறப்பது என்று திட்டம். மண்டூரில் எக்ஸ்ரே எடுத்தால் படம் வாவியைத் தாண்டி வந்து இந்தப் பக்கத்து டொக்டரின் திரையில் விழவேண்டும். இல்லையென்றால் கை முறிந்தவன் முறிந்த கையோடு வாவி கடக்கவேண்டும்.

எங்களிடம் இரண்டு கரையிலும் டவர் இருந்தது. மண்டூர் டவர் வல்லிபுரம் என்கிற கமக்காரரின் தென்னந்தோட்டத்தில் நின்றது. அதன் சுவிச்சை டவரின் உச்சிப் பெட்டிக்குள் வைத்ததும் நான்தான். மாரி வெள்ளத்துக்குப் பயந்து என்று ஜொய்சனுக்குச் சொன்னேன். வெள்ளம் ஆளுயரம் வந்தாலே பெரிது. நான் தென்னை உயரத்தில் கட்டினேன். அன்றைக்கு முழங்கால் நன்றாக இருந்தது, கீழே நாலு பேர் பார்த்துக்கொண்டும் நின்றார்கள்.

சிக்கல் இலக்கத்தில் வந்தது. ஒரே வயரில் பலருடைய போக்குவரத்து ஓடும். கலந்துபோகாமல் இருக்க ஒவ்வொருவருடைய பொதியிலும் ஒரு இலக்கம் குத்தி விடுவோம். வீலான் என்று அதற்குப் பேர். மருத்துவ நிலையத்துக்காரர் தங்களுக்குள்ளே ஏற்கெனவே கணினிக்குப் பத்து, தொலைபேசிக்கு இருபது, எக்ஸ்ரேக்கு முப்பது என்று வைத்திருந்தார்கள். எங்கள் வயரில் பத்து ஒரு அரிசி ஆலை, இருபது ஒரு பாமசி, முப்பது ஜொய்சனின் மாமியார் வீடு. நிலையத்துக்காரரும் மாற்றமாட்டார்கள், மாமியாரிடம் மாற்றச் சொல்ல ஜொய்சனுக்கும் வாய் வராது.

“அவங்கட இலக்கம் அப்பிடியே இரிக்கட்டும்” என்றான் ஜொய்சன். “அதுக்கு மேல எங்கட இலக்கம் ஒண்டக் குத்துவம். எங்கட சுவிச் மேல இரிக்கிறத மட்டும் பாக்கும். அந்தக் கரைக்குப் போனதும் மேல இரிக்கிறத உரிச்சுப்போட்டுக் குடுக்கும்.”

எனக்கு இது உடனே பிடிபட்டது. குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்க, வாகனங்களை ஏற்றிப் போகிற பெரிய மிதவை ஒன்று இருக்கிறது. பாதை என்று சொல்வோம். மோட்டார் சைக்கிளுக்கு அதனுடைய இலக்கத் தகடு இருக்கும். பாதையில் ஏறும்போது பாதைக்காரன் அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாவிக்குள் அவனுக்குத் துண்டு மட்டும்தான் கணக்கு, தகடு அவனுக்கு எதற்கு. அந்தக் கரையில் துண்டைக் கிழித்தால் சைக்கிள் தன் தகட்டோடு தன் வழியில் போகும். இந்த விளக்கத்தை நானே உண்டாக்கினேன். உண்டாக்கிய நாள் தொடக்கம் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொன்னேன். மீன் வாங்கப் போன இடத்திலும் சொன்னேன்.

மண்டூர்க் கிளைக்குப் பொறுப்பும் அவரே, எக்ஸ்ரே எடுப்பவரும் அவரே என்று இருந்தவர் சுலோஜனா. அந்த ஊர்ப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். அவருக்கும் சொன்னேன். எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணன், அப்ப ஒவ்வொரு சைக்கிளும் அந்தத் துண்டால கொஞ்சம் பெருக்காதா? பாதையில இடம் காணுமா?”

நான் சிரித்தேன். சும்மா சிரிக்கவில்லை, தெரிந்தவன் சிரிக்கிற மாதிரிச் சிரித்தேன். “தங்கச்சி, ஒரு துண்டுக் கடதாசிக்கு என்ன இடம்?”

“இல்ல, கேட்டன்” என்றார்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் முழுவதும் நானே தட்டினேன். மண்டூர்ப் பக்கமும் கதிரையில் இருந்தபடியே வாவிக்கு மேலால் புகுந்து தட்டினேன். நிலையத்தின் வயர் வருகிற வாய்க்கு, வருவதன்மேல் எங்கள் இலக்கத்தைக் குத்து என்று கட்டளை. வாவியைப் பார்த்த வாய்க்கு, இரண்டு இலக்கத்தோடும் போகவிடு என்று கட்டளை. பிறகு சுலோஜனாவின் மேசைத் தொலைபேசிக்கு அடித்தேன். மணி அடித்தது. அவர் “ஹலோ” என்றார். தேங்காய் பறித்தவன் வாவியைக் கட்டி ஆள்கிறான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பீற்றிஸிடம், “இனி என்ர கால் நிலத்திலதான் கா” என்றேன்.

“தலையும் கொஞ்சம் கீழ இரிக்கட்டும்” என்றாள்.

அடுத்த நாள் சுலோஜனா பேசினார். தொலைபேசி வேலை செய்கிறது, நோயாளியின் பேர் எழுதினால் போகிறது, எக்ஸ்ரே மட்டும் போகவில்லை. போகிற மாதிரித் தொடங்கி அப்படியே நின்றுவிடுகிறது.

நான் வாவியைக் குற்றம் சொன்னேன். வெயிலில் நீராவி எழும்புகிறது, சமிக்ஞை நனைகிறது என்றேன். நீர்க்காகம் டவருக்கு நேரே பறக்கிறது என்றேன். எக்ஸ்ரே மெசின் புதிது, பழக்கம் வரவேண்டும் என்றேன். சுலோஜனா எல்லாவற்றுக்கும் “ஓம் அண்ணன்” என்று சொல்லிவிட்டு மறுபடி முயன்று பார்த்து, மறுபடி அழைத்தார். ஜொய்சனின் முகம் நாளுக்கு நாள் மாறியது.

“மாமா, நாளைக்குத் திறப்பு. அதுக்குள்ள படம் போகாட்டி நான் கொழும்புக்குக் கோல் எடுக்க வேணும். கோவிக்கப்பிடா.”

அவன் கோவிக்க வேண்டாம் என்றதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அப்போது மறுபடியும் சுலோஜனாவின் அழைப்பு.

“அண்ணன், ஒண்டு கவனிச்சன். சின்னது எல்லாம் போகுது. பெரிசெண்டாத்தான் நிக்குது.”

எனக்குக் காது சூடானது. ஒரு சுவிச்சுக்கு ஒரு பொதி இந்த அளவுக்கு மேல் பெருக்கக்கூடாது என்று ஒரு எல்லை உண்டு. கூட்டிவைக்கலாம், கூட்டாவிட்டால் பழைய எல்லைதான். எக்ஸ்ரேப் படம் தன் பொதிகளை விளிம்புவரை நிரப்பி அனுப்பும். அதன்மேல் நான் ஒட்டிய எங்கள் இலக்கம் நாலே நாலு பைட். அந்த நாலு பைட்டால் பொதி எல்லையைத் தாண்ட, சுவிச் ஒரு சத்தமும் இல்லாமல் அதை வாவிக்குள் போட்டுவிடும். பேச்சும் பேரும் சின்னப் பொதிகள், அவை தப்பிவிடும். ஒரு துண்டுக் கடதாசிக்கு என்ன இடம் என்று சிரித்தேனே, அந்தச் சிரிப்பு எனக்கே கேட்டது.

சுலோஜனாவிடம் இதைச் சொல்லவில்லை. “பாக்கிறன் தங்கச்சி” என்று மட்டும் சொன்னேன். ஆம்பிளையின் மரியாதை இருக்கிறதல்லவா.

களுவாஞ்சிக்குடிச் சுவிச்சில் எல்லையைக் கூட்டினேன். சரி வந்தது. மண்டூர்ச் சுவிச்சுக்குள் புகுந்தேன். அங்கேதான் பிசாசு என் தோளில் கை போட்டது. பார்த்தால் ஒரு வாய்க்கு இலக்கம் குத்தும் கட்டளை இருக்கிறது, மற்ற வாய்க்கு இல்லை. அடே, மற்றதற்குப் போட மறந்துவிட்டேனே என்று நினைத்தேன். அது மறதி இல்லை. அது வாவியைப் பார்த்த வாய், நானே அப்படி இருக்கட்டும் என்று விட்டது. அந்த வாயால்தான் நானே அந்தச் சுவிச்சுக்குள் புகுந்திருந்தேன்.

இன்னொரு கெட்ட பழக்கமும் எனக்கு இருந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாகத் தட்டினால் பிழை விடுவேன் என்று, எல்லா வரியையும் முதலே எழுதிவைத்து ஒரேயடியாக ஒட்டுவேன். கடைசி வரி எப்போதும் ‘சேமி’. அன்றைக்கும், மற்ற வாய்க்கும் இலக்கம் குத்து என்று எழுதி ஒட்டினேன். திரை அசையவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். மறுபடி தட்டினேன். மண்டூர் இல்லை. இருந்த கொப்பை வெட்டினவனின் கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். அவன் வெட்டும்போது சேமித்துவைக்கவில்லை.

கைத்தொலைபேசி அடித்தது. சுலோஜனா. “அண்ணன், இப்ப மேசை போனும் இல்ல.”

ஜொய்சன் பக்கத்தில் வந்து நின்றான். “பரவாயில்ல மாமா. வல்லிபுரம் ஐயாட்ட சொல்லிக் கரண்ட நிப்பாட்டிப் போடுவம். சேமிக்காட்டி பழையபடி வந்திரும். நீங்க சேமிக்கல்லதானே?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“மாமா?”

“சேமிச்சிட்டன்.”

“ஏன்?”

“கவனமா இருப்பம் எண்டு.”

இனி ஒரே வழி, சுவிச்சுக்குப் பக்கத்தில் போய் வயர் செருகித் திருத்துவது. சுவிச் டவரின் உச்சியில். நான் சுவிச் பழகத் தொடங்கிய பிறகு எனக்குப் பதிலாக ஏறுகிற அன்ரோ மச்சினிச்சியின் கலியாணத்துக்கென்று மாங்கேணிக்குப் போய்விட்டான். போன் எடுத்தேன். பின்னால் பாட்டுச் சத்தம்.

“அண்ணன், நாளைக்குப் பின்னேரம் வாறன்.”

“திறப்பு காலமைடா.”

“அப்ப நீங்கதான் ஏற வேணும்” என்று சொல்லிச் சிரித்தான். கலியாண வீட்டில் சிரிப்பவனை என்ன சொல்வது.

விடிந்ததும் பீற்றிஸ் வைத்த புட்டையும் இறால் பொரியலையும் ஒரு பிடி பிடித்தேன். ஏறப் போகிறவனுக்குத் தெம்பு வேண்டும். மடிக்கணினியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு குருமண்வெளிப் பாதையில் ஏறினேன். திருவிழாச் சனத்தால் பாதை நிறைந்திருந்தது. வைக்கோலோடு வந்த ஒரு சின்ன உழவு இயந்திரத்தை, “இதுக்கு மேல ஏலாது” என்று பாதைக்காரன் கரையில் நிறுத்திவிட்டான். நான் அதைப் பார்க்காத மாதிரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன்.

தோட்டத்துப் படலையில் வல்லிபுரம் நின்றார். நெற்றி நிறைய விபூதி.

“வாங்க தம்பி. என்ன, உங்கட பெட்டி படுத்திட்டாமே?”

“ஓம் அண்ணன், சின்னப் பிரச்சினை. ஏறிட்டு இறங்கிருவன்.”

அவர் படலையைத் திறக்கவில்லை. “மச்சம் கிச்சம் திண்டிங்களா?”

மண்டூர்த் திருவிழா நாட்களில் அந்த வளவுகளில் மீனும் இறைச்சியும் அடுப்பேறாது, மச்சம் தின்றவன் வளவுக்குள் கால் வைப்பதும் இல்லை. எனக்கு அது தெரியும். அந்தப் பக்கம் எத்தனை முறை வேலைக்கு வந்தவன். அன்றைக்கு என் மூளை முழுவதையும் சுவிச் பிடித்திருந்தது. பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் இறால் பொரியல் என் வாயில் இருந்து தானே பேசிக்கொண்டிருந்தது.

“இறால் அண்ணன்.”

“பெரிய இறாலா?”

“நடுத்தரம்.”

“ம். வெளியால சுத்திக் கிணத்தடிக்குப் போங்க. தலையில ஊத்துங்க. வேட்டி தாறன்.”

“அண்ணன், நான் ஏறப்போறது டவருக்கு, கோயிலுக்கில்ல.”

“டவர் நிக்கிறது என்ர வளவில. பெட்டி படுத்ததும் ஆர் என்னத்தத் திண்டிட்டு வந்தாரோ, அந்தத் தோசமோ, ஆரறிவார்?”

பெட்டி ஏன் படுத்தது என்ற உண்மையைச் சொல்வதைவிடத் தோசம் எனக்கு வசதியாக இருந்தது. கிணற்றடியில் குந்தி, வாளி வாளியாகத் தலையில் ஊற்றினேன். அவர் பக்கத்தில் நின்று, “இன்னும் ஒண்டு. இறால் கடினமானது” என்று ஊற்றுவித்தார்.

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்புப் பட்டியைக் கொளுவி, மடிக்கணினியை முதுகில் போட்டுக்கொண்டு டவரில் ஏறினேன். பாதிக்குள் முழங்கால் அப்பளத்தைத் தொடங்கிவிட்டது. வீதியால் கோயிலுக்குப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஈரத் தலை, வேட்டி, முதுகில் சுமை. ஏதோ புதுவிதமான நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு ஆச்சி கும்பிட்டதைக் கண்டேன். எனக்கோ அவருக்குப் பின்னால் இருந்த கோயிலுக்கோ தெரியாது, நான் தலையாட்டிவைத்தேன்.

உச்சியில் ஒரு காலைக் கம்பியில் கோத்து, மடிக்கணினியைத் தொடையில் வைத்து, வயரைச் செருகினேன். வாவியைப் பார்த்த வாயைப் பழையபடி ஆக்கினேன். எல்லையைக் கூட்டினேன். இந்த முறை ஒவ்வொரு வரியாகத் தட்டினேன், ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்தேன். கீழே வல்லிபுரம், “மந்திரமா தம்பி?” என்று கேட்டார். “ஓம் அண்ணன்” என்றேன். எல்லை மாறினால் அந்தச் சுவிச் அணைந்து எழும்பவேண்டும். எழும்ப அது நேரமெடுக்கும். காற்றில் வேட்டி பறக்க, அதை ஒரு கையால் பிடித்தபடி, பச்சை விளக்கு வரும்வரைக்கும் நான் அங்கே தொங்கினேன். கதிரைக்கு ஆசைப்பட்டவனின் கதி.

விளக்கு வந்தது. சுலோஜனா அழைத்தார். “மேசை போன் வந்திட்டு அண்ணன். படம் அனுப்பிப் பாக்க வேணும். ஆனா இன்னும் ஒரு நோயாளியும் வரல்ல.”

இறங்கும்போது முழங்கால் மடியவில்லை. நிலத்தைத் தொட்டபோது அது ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. வல்லிபுரம் தன் உழவு இயந்திரப் பெட்டியில் என்னை ஏற்றிக் கிளைக்குக் கொண்டுபோனார். வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுலோஜனா என் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நோயாளி வந்திட்டார்” என்றார்.

அப்படித்தான் மண்டூரில் இருந்து வாவியைத் தாண்டிய முதல் எக்ஸ்ரே என் முழங்காலுடையதாக ஆனது. சுலோஜனா அனுப்பினார். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றுவிடுகிற இடம் வந்தது. அது நிற்கவில்லை. கோடு முடிவுவரை ஓடியது.

“தங்கச்சி, அண்டைக்கு நீங்க கேட்டீங்களே, பாதையில இடம் காணுமா எண்டு.”

“ஓம்.”

“காணாமத்தான் கிடந்தது.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். “ஐஸ் வைப்பம், காலை நீட்டுங்க” என்றார்.

மேசைத் தொலைபேசி அடித்தது. களுவாஞ்சிக்குடியில் டொக்டரின் அறையில் இருந்து ஜொய்சன். “மாமா, படம் வந்திட்டு. நல்ல தெளிவு.” பக்கத்தில் டொக்டர் ஏதோ சொல்வது கேட்டது. “டொக்டர் கேக்கிறார், இந்தக் காலோட ஆரோ டவர் ஏறினதாமே, அந்த மனிசனுக்கு மண்டைக்கும் ஒரு படம் எடுக்கலாமா எண்டு.”

“அது போகாது மகன். உள்ளுக்க ஒண்டும் இல்லாட்டி படம் விழாது.”

“இனி ஏற வேணாம் மாமா. டொக்டர் எழுதித் தாறாராம். கதிரையில இருங்க. ஆனா ஒண்டு.”

“என்ன?”

“கடைசி வரி, சேமி. அத நான் சொல்லிப்போட்டுத்தான் தட்ட வேணும்.”

அப்படியே இன்றுவரை நடக்கிறது. கதிரை என்னுடையது. கொழும்பு இஞ்சினியர் வரவில்லை. சேமிக்கும் நேரம் வந்தால், முதலாம் வகுப்புப் பிள்ளை சிலேற்றைக் காட்டுகிற மாதிரி மருமகனைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன், அவன் வந்து பார்த்துத் தலையாட்டுகிறான். அன்ரோ மாங்கேணியில் இருந்து வந்ததும் மண்டூர்ச் சுவிச்சைக் கழற்றி நெஞ்சுயரத்துக்கு இறக்கிவிட்டான். வெள்ளம் வந்தால் பார்ப்போம்.

ஒன்று மட்டும் வெளியில் சொல்வதில்லை. மண்டூர்ச் சுவிச்சில் கை வைக்கிற நாளில் நான் மச்சம் தொடுவதில்லை. வாய்கள், எல்லை, நாலு பைட் எல்லாம் எனக்கு விளங்கும். அதற்கும் இறாலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றும் விளங்கும். இருந்தாலும் காலமை, “இண்டைக்கு மரக்கறி காணும் கா” என்று சொன்னால் பீற்றிஸ் ஏன் என்று கேட்பதில்லை. “மண்டூரா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, இறாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள்.